எண்ணிச் சொல்பவரும் ஏற்றுச் செய்பவரும்

(அறக்கட்டளையின் மகாவீர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரை)



ஓய்வுபெற்ற தமிழாசிரியனுக்குக் கணினித் தொழிலைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று நீங்கள் எண்ணக்கூடும். காரணம் என் தங்கை மகள். சென்னையில் ஆறாண்டுகளாகத் தரவுப் பகுப்பாய்வாளராகப் பணிபுரிகிறாள். பொங்கலுக்குப் புதுக்கோட்டை வந்தவள், "மாமா, என்னைப் புராடக்ட் மேனேஜராக மாறச் சொல்கிறார்கள். போகலாமா?" என்று கேட்டாள். நான் வாய் திறக்குமுன் வீட்டார் விடை சொல்லிவிட்டனர்: "மேனேஜர் என்றால் உயர்வுதானே! வரன் பார்க்கவும் நன்றாயிருக்கும்." அவ்விடை எனக்கு உடன்பாடன்று.

மறுநாள் அவளைச் சித்தன்னவாசலுக்கு அழைத்துச் சென்றேன். அறிவர் கோயில் விதானத்துத் தாமரைப் பொய்கையைக் காட்டி, "இதில் எத்தனை மலர், எத்தனை மீன், எங்கே வண்ணம் உதிர்ந்துள்ளது என்று பிழையின்றிக் கணக்கெடுப்பது உன் இன்றைய தொழில். இங்கே பொய்கையைத்தான் தீட்ட வேண்டும், யானைக்கு இவ்வளவு இடம் போதும் என்று முடிவு செய்வது உன்னை அழைக்கும் தொழில். சரிதானா?" என்றேன். அவள் சிரித்தாள். "சரிதான் மாமா. ஆனால் ஓவியர்கள் எனக்குக் கீழே வேலை செய்பவர்கள் அல்லர். ஆணையிட முடியாது, இணங்கச் செய்யத்தான் முடியும். ஓவியம் கெட்டால் மட்டும் கேள்வி என்னிடம் வரும்" என்றாள். மேனேஜர் என்னும் சொல்லுக்கு வீட்டார் கொண்ட பொருள் வேறு, தொழிலில் உள்ள பொருள் வேறு என்று அங்கே விளங்கிற்று.

அக்கோயிலில் ஒன்பதாம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் உள்மண்டபத்தைப் புதுக்கி, முகமண்டபமும் எடுப்பித்த செய்தியை அது கூறுகிறது. ஆசிரியர் எனப் பெயர்பெற்றவர் திருப்பணி ஒன்றைப் பொறுப்பேற்று முடித்திருக்கிறார். ஆகவே துறை மாறுவது நமக்குப் புதிதன்று.

இக்காலச் சான்று சுந்தர் பிச்சை. 1972இல் மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்தவர். காரக்பூர் ஐ.ஐ.டி.யில் உலோகவியல் கற்றார்; பொறியாளராக இருந்தார்; பின்னர் மேலாண்மை பயின்று, மெக்கின்சி நிறுவனத்தில் ஆலோசகரானார். 2004இல் கூகுளில் தயாரிப்பு மேலாண்மைப் பணியில் சேர்ந்தார். அவர் கைக்கு முதலில் வந்தவற்றுள் ஒன்று, பிறர் செய்த உலாவியின் மேல்விளிம்பில் அமரும் தேடல் பட்டை. அச்சிறு பணியிலிருந்தே சொந்த உலாவி வேண்டும் என்னும் எண்ணம் வலுப்பெற்றது. அன்றைய தலைமைச் செயல் அலுவலர் எரிக் ஷ்மிட் அதற்குத் தொடக்கத்தில் இசையவில்லை. அவரையும் இசையவைத்து, 2008இல் குரோம் வெளிவந்தது. 2015இல் பிச்சையே அந்நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார்.

இதைக் கேட்டதும், "ஆகவே எல்லாரும் மாறுக" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். புள்ளியியலறிஞர் சி. ஆர். ராவ் 1941இல் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை அடைந்தவர். வாழ்நாள் முழுவதும் எண்களோடே இருந்தார். 1945இல் அவர் எழுதிய கட்டுரையின் பெருமைக்காக, பன்னாட்டுப் புள்ளியியல் பரிசு 2023இல், அவருடைய 102ஆம் வயதில், அவரைத் தேடி வந்தது. நின்ற இடத்தில் ஆழ்வதும் வளர்ச்சியே.

என் தவற்றையும் சொல்லிவிடுகிறேன். இருபத்திரண்டு ஆண்டு வகுப்பறையில் மகிழ்ந்திருந்தவன், பெயருக்காகத் தலைமையாசிரியர் பதவியை ஏற்றேன். பாடநூல் எண்ணிக்கை, ஒழுகும் கூரை, மாணவியர் கழிவறைக்குத் தண்ணீர் என்று நாள்கள் கழிந்தன. தண்ணீர்க் குழாய் வந்த நாளில் நான் அடைந்த நிறைவு மெய். ஆனால் அடுத்த வகுப்பிலிருந்து செய்யுள் ஓசை கேட்கும்போதெல்லாம் நெஞ்சு கனத்ததும் மெய். திரும்பிச் செல்ல வழி இருக்கவில்லை.

ஆதலால் அவளுக்கு நான் சொன்னது இதுதான்: "பதவிப் பெயரைக் கேட்காதே, அவ்வேலையின் ஒரு சிறு பகுதியைக் கேள். மூன்று மாதம் செய்து பார். பழைய இருக்கைக்குத் திரும்பும் உரிமையையும் எழுத்தில் வாங்கிக்கொள். அந்நாள்களில் உன்னையே கவனி. முழுக் கணக்கும் வருமுன் முடிவெடுக்க மனம் துணிகிறதா? நல்லவர் கேட்டாலும் 'இப்போது வேண்டா' என்று சொல்ல நா எழுகிறதா? பயன்படுத்துவோர் குறை கூறும்போது எரிச்சல் வருகிறதா, ஆர்வம் வருகிறதா?"

அவ்வாறே கேட்டு வாங்கினாள். இரண்டாம் மாதம் அவள் முடிவு செய்து வெளியிட்ட வசதியை எவரும் விரும்பவில்லை. முன்பாயின் அதை அறிக்கையாக எழுதி அனுப்பியிருப்பாள். இம்முறை குழுவின்முன் நின்று, "என் முடிவு பிழை" என்று சொல்ல நேர்ந்தது. அன்றிரவு தொலைபேசியில், "உறக்கம் வரவில்லை மாமா. ஆனால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரிகிறது" என்றாள்.

இம்மாத இறுதிக்குள் அவள் விடை சொல்ல வேண்டும். எதைத் தேர்ந்தாலும் தெரிந்து தேர்வாள். பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகள் இத்தகைய கேள்வியோடு வரும்போது, ஊதியத்தையும் பெயரையும் கேட்குமுன், "அங்கே ஒரு நாள் எப்படிக் கழியும்?" என்று கேளுங்கள். பிறகு அவர்கள் சொல்வதைப் பொறுமையாகச் செவிமடுங்கள்.