அதுவரைக்கும் வட்டி யார் கட்டுவது?

(தச்சநல்லூரில் மாணவரிடையே பேசியது)

தோழர்களே, நான் பேங்க் கிளார்க். ஜூன் பிறந்தா நம்ம தெரு அம்மாக்கள் கம்மலோடு கவுண்டருக்கு வருவாங்க, பிள்ளைக்கு காலேஜ் பீஸ் கட்ட. "ஒங்களுக்குத்தான் ஸ்காலர்ஷிப் இருக்கே" என்பார்கள் மற்றவர்கள். இருக்கு, 1944லேயே வந்தது. 2012இல் அரசாணை 92, சுயநிதிக் கல்லூரியின் கட்டாயக் கட்டணத்தையும் அரசு தரும் என்றது. ஆனால் கல்லூரி கேட்பது சேரும் அன்றைக்கு. அரசுப் பணம் வருவது பிறகு. நகைக்கடன் வட்டியோ முதல் நாளே ஓட ஆரம்பிச்சுரும்.

2020 டிசம்பரில் மத்திய அரசு 60, மாநிலம் 40 என்று பங்கு பிரித்தார்கள். மாநிலம் தன் பங்கைப் போட்ட பிறகுதான் மத்தியப் பங்கு. இரண்டு கஜானாக்களுக்கு நடுவே காத்துக் கிடப்பது அந்தக் கம்மல்.

முன்பணம் இல்லாமல் சேர 'ஃப்ரீஷிப் கார்டு' என்று 2021 விதிகளில் எழுதியிருக்கு. கேளுங்கள். ஒத்தையாப் போகாதீங்க, பத்துப் பேராப் போங்க.