ஷ்மியை ஏன் விட்டுவிட்டுப் போனார்கள்?



முன்கதைப் படங்களில் யாருக்கு எந்தப் பாத்திரம், யார் வாயில் என்ன வசனம் என்பதுதான் இன்றைய தலைப்பு. ஒரே படத்தை எடுத்துக்கொள்கிறேன். 1999இல் ஜார்ஜ் லூகாஸ் எடுத்த 'ஸ்டார் வார்ஸ்: தி ஃபேன்டம் மெனஸ்'.

1977இல் வந்த முதல் படத்தில், 'ஃபோர்ஸ்' என்கிற ஆற்றல் எல்லா உயிர்களிடமிருந்தும் பிறப்பது, எல்லோரையும் சூழ்ந்திருப்பது என்று கிழவர் ஓபி-வான் சொல்வார். பாலைவனத்து விவசாயி வீட்டில் வளர்ந்த லூக் அதைக் கற்றுக்கொள்வான். (அடுத்த படத்திலேயே வில்லன்தான் அவன் அப்பா என்று சொல்லிப் பிறப்பை உள்ளே விட்டுவிட்டார்கள். அது வேறு கதை.) 22 ஆண்டுகள் கழித்து வந்த முன்கதையில் ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. அடிமைச் சிறுவன் அனகினின் ரத்தத்தை எடுத்து அனுப்புகிறார் ஜெடாய் வீரர் குவை-கோன். மிடிகுளோரியன் எண்ணிக்கை 20,000க்கு மேல். யோடாவுக்கே அவ்வளவு கிடையாதாம்! கற்றுக்கொள்ளக்கூடியதாக இருந்த ஒன்று, ரத்தத்தில் எண்ணிப் பார்ப்பதாகிவிட்டது.

ஆய்வுப் படிப்புக்கான நேர்முகத் தேர்வில் என்னிடம் தலைப்பைக் கேட்பதற்கு முன்பே அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டார்கள். அந்தக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் அது நினைவுக்கு வந்துவிடுகிறது.

முன்கதை எப்போதும் பின்னால்தான் எழுதப்படுகிறது, ஏற்கெனவே இருக்கும் ஒன்றுக்குக் காரணம் கற்பிக்க. புருஷ சூக்தம் ரிக் வேதத்தில் பிற்காலத்தில் சேர்க்கப்பட்டது என்று அம்பேத்கர் 1946இல் வந்த 'சூத்திரர்கள் யார்?' நூலில் வாதிடுவார். வாய், தோள், தொடை, பாதம். யாருக்கு எந்தப் பாத்திரம் என்பதும் அதிலேயே முடிவாகிவிட்டது.

இந்தப் படத்தில் கோமாளி ஜார் ஜார். உடைந்த ஆங்கிலம் பேசித் தடுக்கி விழுகிறவன். அவனுக்குக் குரலும் அசைவும் கொடுத்தவர் அஹமத் பெஸ்ட் என்ற கறுப்பின நடிகர். கரீபியக் கறுப்பினத்தவர் பேச்சைக் கேலி செய்கிறீர்கள் என்று அப்போதே விமர்சனம் வந்தது, லூகாஸ் மறுத்தார். முதலாளிக்கு ஒரு தமிழ், வேலைக்காரருக்கு ஒரு தமிழ் என்று வசனம் எழுதிப் பழகிய சினிமாவைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புரியும். 2002இல் வந்த அடுத்த பாகத்தில், சர்வாதிகாரிக்கு அவசரகால அதிகாரம் கொடுக்கும் தீர்மானத்தை யார் முன்மொழிகிறார் தெரியுமா? அதே ஜார் ஜார். குடியரசு கவிழ்ந்த பழியும் அவன் தலையில். திரைக்கு வெளியே வசை முழுவதும் அஹமத் பெஸ்டின் மேல் விழுந்தது. தற்கொலைவரை யோசித்ததாக 2018இல் அவரே சொன்னார். 2023இல் 'தி மாண்டலோரியன்' தொடரில் தன் சொந்த முகத்தோடு ஜெடாய் வீரராக வந்தார்.

எனக்கு இதைவிட உறுத்துவது ஷ்மி. அனகினின் அம்மா, அவளும் அடிமை. நடித்தவர் பெர்னில்லா ஆகஸ்ட். அடிமைகளை விடுவிக்கத்தான் வந்தீர்களா என்று சிறுவன் ஆசையோடு கேட்கும்போது, இல்லை என்று சொல்லிவிடுகிறார் குவை-கோன். பிறகு பந்தயம் கட்டும்போது அம்மாவையும் சேர்த்துக் கேட்கிறார்தான். உரிமையாளன் ஒருவரை மட்டுமே தருவேன் என்கிறான், அதோடு பேச்சு முடிகிறது. எண்ணிக்கை அதிகமுள்ள பையன் கிளம்புகிறான். பத்து ஆண்டுகள் ஓடுகின்றன, ஒரு ஜெடாய்கூட அவளைத் தேடி வருவதில்லை. அடிமைத்தளையிலிருந்து அவளை விடுவித்ததும் ஒரு சாதாரண விவசாயிதான்.

பிரிகிற காட்சியை இப்போது போடுகிறேன். திரும்பிப் பார்க்காதே என்று மகனிடம் சொல்லி அனுப்புவாள். நீங்கள் பையனைப் பார்க்காதீர்கள், அவள் முகத்தைப் பாருங்கள். பிறகு பேசுவோம்.