லொறி முதல் நாளே வர வேண்டும்
(ருவான்வெல்லை தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2016 மே 17ஆம் திகதியை நமது கேகாலை மாவட்டம் மறக்காது. அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து மூன்று கிராமங்களை மூடியது. அதே நாள் நமக்குப் பக்கத்தில், புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்திலும் லயத்தின் மேல் மண் விழுந்தது.

இராணுவம் வந்தது. சிப்பாய்கள் மழையிலும் சேற்றிலும் நின்று தோண்டினார்கள். அவர்களை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் பிணம் எடுக்க வந்த லொறி, முதல் நாள் நம் பிள்ளைகளை ஏற்றிப்போக ஏன் வரவில்லை? சிப்பாய் தானாகப் புறப்பட முடியாது. நிர்வாகம் கேட்க வேண்டும். நமக்காகக் கேட்பது யார்?

கொஸ்லாந்தை மீரியபெத்தையில் ஆபத்து என்று 2005இலும் 2011இலும் எச்சரித்தார்கள். எச்சரிக்கை எச்சரிக்கையாகவே நின்றது. சனம் லயத்திலேயே இருந்தது. 2014 ஒக்டோபர் 29இல் மலை இறங்கியது.

இங்கேயும் அதே நிலைமைதான். லயம் கம்பனியின் பொறுப்பு என்பார் கிராம சேவகர். பிரதேச செயலகத்தில் கேளுங்கள் என்பார் துரை. நாம் நடப்போம், மழை பெய்துகொண்டிருக்கும்.

எனவே நாம் கேட்பது இதுதான்: மண்சரிவுக்குச் சிவப்பு எச்சரிக்கை விடுத்த உடனேயே, யாருடைய கையெழுத்துக்கும் காத்திராமல், லொறி லயத்து வாசலுக்கு வர வேண்டும். எந்த லயத்துக்கு எத்தனை லொறி என்று மாரிக்கு முன்பே எழுதி வைக்க வேண்டும். தலைவர்மாரே, தலைவிமாரே, உங்கள் டிவிசனில் மலையடி லயங்கள் எத்தனை, நடக்க முடியாத முதியவர்கள், கைப்பிள்ளைக்காரிகள் எத்தனை பேர் என்று கணக்கெடுத்து அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். அந்தப் பட்டியலோடுதான் நாம் பிரதேச செயலகத்துக்குப் போகிறோம்.