ரயரின் வயது

நெடுந்தீவில் மோட்டார் வாகனம் வைத்திருப்பவர் ரயர் வாங்க விரும்பின், ஏறத்தாழ ஒரு மணி நேரம் கடல் கடந்து குறிகட்டுவானை அடைந்து, அங்கிருந்து யாழ்ப்பாணம் செல்லல் வேண்டும். வாங்கியது பழுதாயின் மீண்டும் அதே கடல், அதே வழி. ஆகவே, இழக்கும் நாட்கூலியும் போக்குவரத்துச் செலவும் ரயரின் விலையில் அடங்கியவையே.

சிக்கனம் கருதுவோர் முதலில் விலையையும், அடுத்துத் தவாளிப்பின் ஆழத்தையும் நோக்குவர். தீவிலே இவ்விரண்டும் போதா. சுமார் 50 சதுர கிலோமீற்றர் நிலத்தில் வாகனம் எவ்வளவு தூரந்தான் ஓடும்? ரயர் தேயுமுன்னரே மூப்படைகின்றது. வெயிலும் காற்றிலுள்ள ஒட்சிசனும் இறப்பரை இறுக்கி வெடிப்புறச் செய்கின்றன. எனவே, நெடுந்தூரம் உழைக்குமென விலையுயர்ந்ததை வாங்குவதிலும், நடுத்தர விலையில் அண்மையில் உற்பத்தியானதை வாங்குவதே இலாபம்.

வயதை அறிவது எளிது. ரயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 2319 எனின், 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் என்பது பொருள். ஒரு பக்கத்திற் காணாவிடின் மறுபக்கத்திற் காண்க. பத்தாண்டு கடந்ததைப் புதிதாகத் தோன்றினும் விலக்குக.

பாவித்த ரயராயின், தவாளிப்பினுள்ளே 1.6 மில்லிமீற்றர் உயரமுள்ள குறுக்குத் திட்டுகளைப் பாருங்கள். மேற்பரப்பு அவற்றோடு சமமாகிவிட்டால் அந்த ரயரின் ஆயுள் முடிந்தது. பக்கவாட்டில் வீக்கமிருப்பின் இலவசமாயினும் ஏற்கலாகாது. புதிய இறப்பர் ஒட்டிப் புதுப்பித்ததை முன்சில்லுக்குப் பூட்டாதிருத்தல் நலம்.

வாங்கிய பின்னர் வாகனத்தை நிழலில் நிறுத்துங்கள். மாதமொருமுறை காற்றழுத்தத்தைச் சோதியுங்கள். செலவில்லாத இவ்விரு செயல்களும் அடுத்த கடற்பயணத்தைச் சில ஆண்டுகள் ஒத்திவைக்கும்.