கண்ணாடியின் எண் எப்போது நிற்கும்?

(கல்வி உதவிநிதி வழங்கும் விழாவில் கண் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



"டாக்டர், பிள்ளைக்கு வருடா வருடம் பவர் ஏறுகிறதே, எப்போதுதான் நிற்கும்?" சிங்கப்பூரில் இப்படிக் கேட்காத பெற்றோர் குறைவு. அதற்கே இன்று விடை கூற விழைகிறேன்.

பிறக்கும்போது நம் கண்ணின் நீளம் சுமார் 17 மில்லிமீட்டர். வளர்ந்தபின் சுமார் 24. அளவுக்கு மேல் கண் நீண்டுவிட்டால், தூரத்துப் பொருளின் பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே விழுந்துவிடுகிறது. இதுவே கிட்டப்பார்வை. ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக நீண்டாலே, நாம் இங்கு சொல்லும் கணக்கில், 250 டிகிரிக்குக் குறையாமல் ஏறிவிடும்.

தொடக்கப்பள்ளி வயதில் இது வேகமாக ஏறும். பதின்ம வயதில் வேகம் தணியும். அமெரிக்கச் சிறுவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த 'காமெட்' ஆய்வில், 15 வயதுக்குள் ஏறத்தாழப் பாதிப் பேருக்கும், 18 வயதுக்குள் முக்கால்வாசிப் பேருக்கும், 21 வயதுக்குள் பத்தில் ஒன்பது பேருக்கும் எண் நிலைத்துவிட்டது.

"அப்படியானால் காத்திருக்கலாமே" என்று எண்ணிவிடாதீர்கள். எண் நிற்கும், நீண்ட கண் சுருங்காது. 500, 600 டிகிரியைத் தாண்டியவர்களுக்குப் பிற்காலத்தில் விழித்திரை விலகல், கிளௌகோமா போன்ற கோளாறுகள் வரும் வாய்ப்பு அதிகம். லேசர் சிகிச்சை கண்ணாடியைக் கழற்ற உதவுமே தவிர, இந்த அபாயத்தை நீக்காது. ஆகவே பிள்ளைக்குக் கிட்டப்பார்வை தாமதமாகத் தொடங்குவதும், மெதுவாக ஏறுவதுமே நமக்கு வேண்டும்.

வழி என்ன? தினமும் இரண்டு மணி நேரம் வெளியே, பகல் வெளிச்சத்தில் விளையாட விடுங்கள். ஏற்கெனவே வேகமாக ஏறினால் மருத்துவரிடம் கேளுங்கள். அட்ரோப்பின் சொட்டு மருந்து வேகத்தைக் குறைக்கும் என்பதை 2006இல் வெளியான சிங்கப்பூர் ஆய்வு காட்டியது. 'பழகிவிடும்' என்று பயந்து குறைந்த பவர் கண்ணாடி போடாதீர்கள். 2002இல் வெளியான மலேசிய ஆய்வில், அப்படிப் போட்ட பிள்ளைகளுக்கே எண் கூடுதலாக ஏறியது.

மூத்தோருக்கும் ஒரு சொல். நாற்பதில் வெள்ளெழுத்து வருவதால் கிட்டப்பார்வை மறைந்துவிடுவதில்லை. அறுபதுக்கு மேல் திடீரெனக் கண்ணாடியின்றிப் படிக்க முடிந்தால், 'பார்வை திரும்பிவிட்டது' என்று மகிழ வேண்டாம். அது கண்புரையின் தொடக்கமாக இருக்கலாம், பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

தாத்தா பாட்டிமார்களே, துணைப்பாட வகுப்புக்கு அனுப்பும் அக்கறையோடு பேரப்பிள்ளைகளைத் திடலுக்கும் அழைத்துச் செல்லுங்கள். செலவில்லாத அந்த உதவி, அவர்கள் கண்ணுக்கு ஆயுள் முழுதும் துணை நிற்கும்.