பை வாங்கினால் ஜகாத் நிறைவேறுமா?

(வணிகர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2007-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு பை விற்பனைக்கு வந்தது. ஐ.நா.வின் உலக உணவுத் திட்டத்துக்காகச் சேவை செய்த லாரன் புஷ் என்ற பெண்மணியின் 'ஃபீட்' நிறுவனம் அதைக் கொண்டுவந்தது. பையின் மேல் '1' என்ற எண் இருந்தது. அதை ஒருவர் வாங்கினால், ஒரு குழந்தைக்கு ஓராண்டு பள்ளி உணவு கிடைக்கும் என்பது அதன் பொருள். எத்தனையோ பைகள் இருக்க, மக்கள் இதைத் தேடி வாங்கினார்கள். தர்மம் செய்யும் கடையை வாடிக்கையாளர் எளிதில் விடமாட்டார். இது வணிகர்களாகிய உங்களுக்குத் தெரியாததல்ல.

இன்னொரு நிறுவனம் 'டாம்ஸ்'. 2006-இல் தொடங்கியது. ஒரு ஜோடி காலணி விற்றால் ஏழைக் குழந்தைக்கு ஒரு ஜோடி இலவசம். 2015-இல் பைகளும் விற்றது. அந்த வருமானத்தில் ஒரு பங்கு தாய்மார்களின் பாதுகாப்பான பிரசவத்துக்குப் போனது. அந்த நிறுவனத்தின் ஒத்துழைப்போடு எல் சால்வடார் நாட்டில் ஓர் ஆய்வு நடந்தது. இலவசக் காலணி பெற்ற பிள்ளைகளிடம், 'எங்கள் குடும்பத் தேவைகளைப் பிறர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்' என்ற எண்ணம் மற்ற பிள்ளைகளைவிட அதிகமாக இருந்தது. பிற்காலத்தில் நிறுவனம் தன் முறையை மாற்றி, இலாபத்தில் மூன்றில் ஒரு பங்கை மக்களோடு நின்று உழைக்கும் அமைப்புகளுக்குத் தரத் தொடங்கியது.

கொடுத்ததில் தவறில்லை. ஆனால் வாங்குகிறவர் நாளை தன் காலில் நிற்பாரா என்பதையும் நாம் பார்க்க வேண்டும்.

நம் தமிழ்நாட்டுக்கு வருவோம். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்கு இங்கே தடை. 2021 டிசம்பர் 23 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். அதற்கு முன்பே, 2014-இல், கிருஷ்ணன், கௌரி தம்பதி 'யெல்லோ பேக்' என்ற துணிப்பை நிறுவனத்தைத் தொடங்கிவிட்டார்கள். அங்கே தைப்பவர்கள் எளிய குடும்பத்துப் பெண்கள். அவர்கள் கைநீட்டி வாங்குவது உதவியை அல்ல, உழைத்த கூலியை.

சகோதரர்களே, இதில் மார்க்கம் சார்ந்த ஒரு விஷயத்தையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். 'தர்மம் செய்யும் கம்பெனியின் பொருளை வாங்கினேன், என் ஜகாத் முடிந்தது' என்று யாரும் எண்ண வேண்டாம். பொருளுக்குக் கொடுத்த பணம் விலைதான். தைத்தவருக்குக் கொடுத்த பணம் கூலிதான். இரண்டுமே நாம் பட்ட கடன். ஜகாத் என்பது, எதையும் பதிலுக்குப் பெறாமல், நிய்யத்தோடு, உரியவர் கையில் சேர்க்க வேண்டிய தனிக் கடமை. வேலையாட்களின் சம்பளத்தையும் போனஸையும் ஜகாத் கணக்கில் எழுதுவதும் செல்லாது.

இப்போது நம் ஊர். பாலக்கோடு, பென்னாகரம், அரூர் என்று எங்கே போனாலும் தையல் தெரிந்த பெண்கள் இருக்கிறார்கள். பலர் வீட்டில் இயந்திரமும் இருக்கிறது, ஆர்டர்தான் இல்லை. பிழைப்புக்காகத் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் பிள்ளைகளோடு குடும்பமே பெயர்ந்து போகிறது. அதே நேரம் நம் கடைப் பைகளும் நிக்காஹ் வீட்டுப் பைகளும் வெளியூரிலிருந்து வந்து இறங்குகின்றன.

கடைக்காரர்களிடம் சில கோரிக்கைகள். அடுத்த முறை பை வாங்கும்போது, அதில் ஒரு பகுதியையாவது நம் பகுதிப் பெண்களிடம் கொடுங்கள். காடாத் துணியையும் அளவையும் நீங்களே கொடுத்துவிடுங்கள். பை கைக்கு வந்த அன்றே கூலியைக் கொடுங்கள், கடன் சொல்லாதீர்கள். விதவை, ஆதரவற்றவர் என்பதற்காகச் சந்தை விலையைவிடக் குறைத்துப் பேசாதீர்கள்.

தாய்மார்களே, தையலை நேராகப் போடுங்கள், சொன்ன நாளில் கொடுங்கள். இரக்கத்துக்காக ஒருமுறைதான் ஆர்டர் வரும். மறுமுறை வருவது உங்கள் வேலைக்காக.

நம் வியாபாரத்திலும் உழைப்பிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.