ஊசி நின்ற ஏடு

ஆசிரியர் ஓலைச்சுவடிக்குள் ஓர் ஊசியைச் செருகுவார். அது எந்த ஏட்டில் போய் நிற்கிறதோ, அந்த ஏட்டிலிருந்து மாணவர் பொருள் சொல்லத் தொடங்க வேண்டும். எதிர்த்தரப்பின் பூர்வபட்சம் என்ன, அதற்குச் சமாதானம் என்ன, எல்லாம் வாயிலிருந்தே வர வேண்டும். இதற்குச் சலாகா பரீட்சை என்று பெயர். ஓலை போய் அச்சுப் புத்தகம் வந்த பிறகும் சமஸ்கிருத மாணவர் போட்டிகளில் இது நடக்கிறது. ‘முக்கியக் கேள்விகள்’ அச்சடித்து விற்பவர்களுக்கு இங்கே பிழைப்பில்லை!

மேலைநாட்டுக் கல்லூரிகளில் கிரேக்கமும் லத்தீனும் படிப்பதற்கு இணையாக நம் பக்கத்தில் ஓரிடம் காட்டச் சொன்னால், திருப்பதி தேசிய சமஸ்கிருதப் பல்கலைக்கழகத்தைக் காட்டலாம். சுநீதி குமார் சட்டர்ஜி தலைமையிலான சமஸ்கிருத ஆணையத்தின் பரிந்துரையால் எழுந்தது அது. திருமலை திருப்பதி தேவஸ்தானம் 42 ஏக்கர் நிலம் கொடுத்தது. 1962 ஜனவரியில் அடிக்கல் நாட்டிய சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், சிறுவயதில் இதே திருப்பதியில் மிஷன் பள்ளியில் படித்தவர். 2020-இல் அது மத்தியப் பல்கலைக்கழகமாயிற்று.

இளங்கலைக்குச் சாஸ்திரி, முதுகலைக்கு ஆச்சார்யா. நியாய சாஸ்திரம் படிக்க வருபவர் கையில் முதலில் ஏறுவது அன்னம்பட்டரின் ‘தர்க்கசங்கிரகம்’. மெலிந்த புத்தகம்தான், ஆனால் ஒவ்வொரு சொல்லையும் ஆசிரியர் ஏன், எதற்கு என்று உலுக்கி எடுப்பார். மலையில் புகை தெரிந்தால் நெருப்பு உண்டு என்பது அதன் பெயர்பெற்ற உதாரணம். சேஷாசலத்தின் அடிவாரத்தில் அதைப் படிப்பவர்கள் மலையைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஜோதிடம் பயில்பவர்களுக்கு யவனரும் அந்நியரல்லர்: வராகமிகிரர் ‘பஞ்சசித்தாந்திகா’வில் தொகுத்த ஐந்து வானியல் நெறிகளில் ஒன்று ரோமக சித்தாந்தம்.

ஆக்ஸ்போர்டில் கிரேக்க, லத்தீன் படிப்பு நான்காண்டு நீளும். முதல் ஐந்து பருவம் பெரும்பாலும் மொழியும் இலக்கியமும். பிறகுதான் வரலாறு, தத்துவம், தொல்லியல் என்று கிளை விரியும். பிளேட்டோவைப் படிப்பவர் ஏதென்ஸ் நகரத்தின் அரசியலையும் கல்வெட்டுகளையும் சேர்த்துப் பார்க்க வழியுண்டு. நூலை வாய்மொழியாகத் தன்வயமாக்கும் ஆற்றலில் திருப்பதி மாணவருக்கு ஈடு சொல்வது கடினம். அந்த நூல் எந்த ஊரில், யார் ஆட்சியில், யார் கொடுத்த சோற்றில் எழுந்தது என்று கேட்டால்தான் சாஸ்திரப் படிப்பு சற்றே தயங்குகிறது. அதன் சாய்வு நூலுக்குள்ளேயே இருக்கிறது.

இத்தனைக்கும் சான்றுகள் தலைக்கு மேலேயே இருக்கின்றன. திருமலைக் கோயிலின் கல்வெட்டுகளில் மிகப் பெரும்பாலானவை தமிழ். பல்லவ குலத்து அரசி சாமவை வெள்ளித் திருமேனி அளித்து, அதன் பூசைக்கு நிலமும் விட்ட செய்தி அங்கே கல்லில் கிடக்கிறது. 1930-களில் தேவஸ்தானம் இவற்றைத் தொகுதிகளாக அச்சிட்டது. அன்னமய்யாவின் தெலுங்குக் கீர்த்தனைகளோ செப்பேடுகளில் கோயிலிலேயே இருந்தன. வேட்டூரி பிரபாகர சாஸ்திரியும் ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மாவும் அவற்றைப் பதிப்பித்தார்கள்.

சமஸ்கிருதத் தர்க்கம், தமிழ்க் கல்வெட்டு, தெலுங்குச் செப்பேடு மூன்றையும் ஒரே பட்டத்துக்குள் வைத்து ஒரு பாடத்திட்டம் போடலாம். சித்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகளில் பலருக்குத் தமிழும் தெலுங்கும் வீட்டிலேயே வந்துவிடுகின்றன. கல்லூரி கற்றுத்தர வேண்டியது சமஸ்கிருதமும் பழைய எழுத்துகளும்தான்.